வைக்கோலிலிருந்து எரிசாராயம்

விதைக்கு நேர்த்தி செய்வது போல், எரிசாராயம் தயாரிக்க வைக்கோலுக்கும் முன்நேர்த்தி வேண்டும். வைக்கோலில் செல்லுலோஸ் வடிவில் சர்க்கரை உண்டு. ஆனால் லிக்னின் என்னும் கெட்டிப்பொருள் சூழ்ந்திருப்பதால் நொதிகள் அதை எளிதில் எட்டுவதில்லை.

நறுக்கிய வைக்கோலை, சாராயமும் நீரும் கலந்த கரைப்பானில், மூடிய அழுத்தக் கலனில் 160 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால் லிக்னின் பெரும்பாலும் கரையும். மிஞ்சும் நாரை நொதிகள் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் சாராயமாக்கும். கரைப்பானை வடித்து மீட்காவிட்டால் நட்டமே. தீ விபத்து நேரக்கூடுமாதலால் பண்ணையில் முயலவே கூடாது.

முறை எதுவாயினும் வைக்கோல் ஏராளமாக வேண்டும். 2022-ல் பானிப்பட்டில் திறக்கப்பட்ட ஆலையின் திட்டம், ஆண்டுக்கு 2 லட்சம் டன்னில் 3 கோடி லிட்டர். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். மாடு வைத்திருப்போர் தீவனத்துக்கு ஒதுக்கிய பிறகே விலை பேசலாம்.