வழவழப்பான விளிம்பு வரைதல் (படத்தொகுப்பு)

வழவழப்பான விளிம்பு வரைதல் என்பது படத்தொகுப்பு மென்பொருளில் வட்டம், வளைவு, எழுத்து, சின்னம் முதலிய வடிவங்களை, ஓரத்தில் படிக்கட்டு போன்ற பற்கள் தெரியாதபடி வரையும் முறையாகும். கணினிப் படம் பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆனது. சதுரங்களை அடுக்கி வளைவை அமைக்க வேண்டியிருப்பதால்தான் இச்சிக்கல் எழுகிறது. கையால் எவ்வளவு திறமையாக வரைந்தாலும் இது நீங்குவதில்லை. ஓரப் புள்ளிகளுக்கு எந்த நிறம் தருவது, வடிவத்தை எந்தக் கட்டத்தில் புள்ளிகளாக மாற்றுவது என்ற இரண்டு முடிவுகளைப் பொறுத்தே விளிம்பு அமைகிறது.

இதை விளக்க ஓர் ஊர்ப்பெயர் உதவும். தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் பொம்மிடி நிலையம் உள்ளது. நிலையப் பெயர்ப்பலகை போல மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ‘பொம்மிடி’ என்று ஒரு படம் வரைவதாகக் கொள்வோம். இந்த ஒரு சொல்லில் எல்லா வகை ஓரங்களும் வந்துவிடுகின்றன. ப, ட, துணைக்கால் ஆகியவை பெரும்பாலும் நேர்கோடுகள். ஒற்றைக்கொம்பு ஒரு சுருள். ம பாதி நேர்கோடு, பாதி வளைவு. மி, டி ஆகியவற்றின் மேல்விலங்கு நீண்ட வில். ம் மேல் உள்ள புள்ளி ஒரு முழு வட்டம்.

பற்கள் தோன்றும் விதம்

கணக்குப் பாடத்திற்குப் பயன்படும் வரைபடத்தாளில், ஒவ்வொரு சிறு கட்டத்தையும் முழுவதும் கறுப்பாக்கலாம் அல்லது வெறுமையாக விடலாம் என்று விதி வைத்துக்கொண்டு ஒரு வட்டம் வரைந்து பார்த்தால் சிக்கல் உடனே விளங்கும். வட்டத்தின் கோடு பல கட்டங்களைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. வெட்டுப்பட்ட கட்டத்தைக் கறுப்பாக்கினால் வட்டம் புடைக்கும், விட்டால் குழியும். ‘ட’ எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதன் இரு கோடுகளும் கட்டங்களின் ஓரத்தோடு ஒட்டியே செல்கின்றன. ‘டி’ ஆனவுடன் மேல்விலங்கில் பற்கள் வந்துவிடும். ரயில் நிலையங்களில் ஓடும் எல்இடி எழுத்துப் பலகைகளில் ஒவ்வொரு விளக்கும் எரியும் அல்லது அணைந்திருக்கும் என்பதால், தமிழ் வளைவுகளில் இந்தப் பற்களை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

எல்லாக் கோடுகளிலும் பற்கள் ஒரே அளவில் உறுத்துவதில்லை. 45 பாகைச் சாய்வில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு படி என்று சீராக அமைவதால் கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது. 10 பிக்சல் நடந்தால் 1 பிக்சல் ஏறும் கோட்டில் ஒவ்வொரு படியும் 10 பிக்சல் நீளம் என்பதால் உடைசல் தெளிவாகத் தெரியும். மேல்விலங்கின் உச்சிப்பகுதி ஏறக்குறைய கிடையாக இருப்பதால் அங்குதான் முதலில் குறை தென்படும்.

அரைநிறப் புள்ளிகள்

தீர்வு, கட்டத்தை முழுக் கறுப்பு அல்லது வெறுமை என்ற விதியைத் தளர்த்துவதே. வட்டத்தின் கோடு ஒரு பிக்சலின் கால் பாகத்தை மறைத்தால் அதற்குக் கால் பாகக் கறுப்பு, பாதியை மறைத்தால் பாதிக் கறுப்பு தரப்படுகிறது. இது ஆன்டி-ஏலியசிங் எனப்படுகிறது. விளிம்பு மென்மையாக்கம் என்று சொல்லலாம். தொலைவிலிருந்து பார்க்கும் கண், இடைநிறப் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறியாமல் ஒரே கோடாக எடுத்துக்கொள்கிறது. பிராங்க் குரோ 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கணினிப் படங்களில் இச்சிக்கலை முறையாக ஆராய்ந்த முன்னோடிப் பணிகளுள் ஒன்று.

இங்கு ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். படத்தை 800 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்து, ‘இன்னும் படி தெரிகிறதே’ என்று ஓரத்தை மங்கலாக்கத் தொடங்குவோர் பலர். அந்த அளவில் எந்தப் படத்திலும் சதுரங்கள் தெரியத்தான் செய்யும். விளிம்பு சரியா என்பதை 100 விழுக்காட்டில் மட்டுமே பார்த்து முடிவு செய்ய வேண்டும். மென்மையாக்கம் ஓரத்தில் ஒரு பிக்சல் அகலத்தோடு நின்றுவிடுகிறது. மங்கலாக்கம், அதாவது பிளர் அல்லது பெதர், பல பிக்சல்களுக்குப் பரவுகிறது. முன்னது தெளிவைத் தருகிறது, பின்னது குவியம் தப்பிய புகைப்படம் போலாக்குகிறது.

ஜிம்ப்பில் ஒரு புள்ளி வைத்தல்

ஜிம்ப் என்பது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர் 1995-இல் தொடங்கிய கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருளாகும். அதில் வட்டம் வரையத் தனிக் கருவியைத் தேடிக் களைப்பவர்கள் உண்டு. நீள்வட்டத் தேர்வுக் கருவியால் பரப்பைத் தேர்ந்து, அதை நிறத்தால் நிரப்புவதே அங்குள்ள வழக்கமான முறை.

‘ம்’ மேல் வைக்கும் புள்ளிக்கு முதலில் ஒளிபுகும் புதிய அடுக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். நீள்வட்டத் தேர்வுக் கருவியின் விருப்பங்களில் ‘ஆன்டிஏலியசிங்’ குறியிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுக்கத் தொடங்கிய பிறகு ஷிப்ட் விசையை அழுத்தினால் நீள்வட்டம் முழு வட்டமாகும். முன்பே அழுத்தினால் பழைய தேர்வோடு சேர்க்கும் வேலையை அது செய்யத் தொடங்கிவிடும். பிறகு நிறத்தை ஒருமுறை நிரப்ப வேண்டும்.

ஒருமுறை என்பது முக்கியம். ஓரப் பிக்சலில் 50 விழுக்காடு கறுப்பு இருக்கையில் அதே தேர்வை மீண்டும் நிரப்பினால் அது 75 ஆகும், மூன்றாம் முறை 87.5 ஆகும். நிறம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து நான்கைந்து முறை நிரப்புபவர், மென்மையாக்கியதைத் தாமே அழித்துப் பற்களைத் திரும்பக் கொண்டுவருகிறார். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரே வடிவத்தைச் சிறிது சிறிதாகப் பலமுறை சுழற்றினால், ஒவ்வொரு முறையும் புள்ளிகள் புதிதாகக் கணக்கிடப்பட்டு ஓரம் மங்கிக்கொண்டே போகும்.

கருவித் தேர்விலும் கவனம் வேண்டும். ஜிம்ப்பின் பென்சில் கருவி வேண்டுமென்றே கடின ஓரம் விடுவது, அதில் மென்மையாக்கம் கிடையாது. தூரிகைக் கருவியில் அது உண்டு. கை நடுக்கம் உள்ளவர்களுக்குத் தூரிகை விருப்பங்களில் உள்ள ‘ஸ்மூத் ஸ்ட்ரோக்’ உதவும். கோட்டுக்குள் வாளிக் கருவியால் நிறம் ஊற்றும்போது இடையில் வெளிறிய வளையம் தங்குவதும் அரைநிறப் புள்ளிகளால்தான். அவற்றை மென்பொருள் வேறு நிறம் என்று எண்ணி விட்டுவிடுகிறது. கோட்டை மேல் அடுக்கிலும் நிரப்பு நிறத்தைக் கீழ் அடுக்கிலும் வைத்து, நிரப்பும் பரப்பை ஒரு பிக்சல் விரித்தால் வளையம் மறையும்.

வெள்ளை ஓரம் ஒட்டிக்கொள்ளும் சிக்கல்

வெள்ளைத் தாளில் வரைந்த கறுப்பு எழுத்தை வெட்டி மஞ்சள் பலகையில் ஒட்டினால், எழுத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளைக் கோடு ஒன்று கூடவே வரும். கல்யாண வாழ்த்துப் பலகைகளிலும் கட்சிப் பலகைகளிலும் இதை அடிக்கடி காணலாம். ஓரப் புள்ளிகளில் கறுப்பு ஏற்கெனவே வெள்ளையோடு கலந்து சாம்பலாகிவிட்டதே காரணம். வெள்ளையை மட்டும் தேர்ந்து நீக்கும்போது சாம்பல் தங்கிவிடுகிறது.

ஓரப் புள்ளியைச் ‘சாம்பல்’ என்று எழுதிவைக்காமல் ‘கறுப்பு, பாதி ஒளிபுகும்’ என்று எழுதிவைத்தால் இது நேராது. அப்போது மஞ்சளின் மேல் வைத்தால் அடர்மஞ்சளாகவும், நீலத்தின் மேல் வைத்தால் கருநீலமாகவும் தானே மாறிக்கொள்ளும். ஒவ்வொரு பிக்சலோடும் ஒளிபுகும் அளவைச் சேர்த்து வைக்கும் இந்த ஏற்பாடு ஆல்பா எனப்படும். நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வின் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர் 1970-களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினர். அடுக்குகளைக் கலக்கும் கணக்குகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984-இல் வகுத்தளித்தனர்.

சேமிக்கும் கோப்பு வகையும் இதைத் தாங்க வேண்டும். பிஎன்ஜி 256 நிலைகளில் ஒளிபுகும் அளவைக் காக்கிறது. ஜிஃப் கோப்பில் முழுவதும் புகும் அல்லது புகாது என்ற இரண்டே நிலைகள் உள்ளதால் பற்கள் திரும்பும். ஜேபெக்கில் ஒளிபுகும் வசதியே இல்லை. மேலும் அது படத்தை 8×8 பிக்சல் துண்டுகளாகச் சுருக்குவதால், கூர்மையான ஓரங்களைச் சுற்றித் தூசு படிந்தது போன்ற புள்ளிகள் தோன்றும். ஏற்கெனவே வெள்ளையோடு கலந்துவிட்ட படம் மட்டுமே கையில் இருந்தால், ஜிம்ப்பின் ‘கலர் டு ஆல்பா’ கட்டளையில் வெள்ளையைக் குறித்தால் ஓரளவு மீட்கலாம்.

வளைவைக் கணக்காக வைத்திருத்தல்

மேற்கண்டவை எல்லாம் புள்ளியாகிவிட்ட படத்தைக் காப்பாற்றும் வழிகள். இன்னும் நல்ல வழி, வடிவத்தைக் கடைசிவரை புள்ளியாக்காமல் கணக்காகவே வைத்திருப்பது. இது திசையன் வரைகலை எனப்படும். இதில் பெரும்பாலும் பயன்படுவது பெசியே வளைவு. பிரான்சின் ரெனோ கார் நிறுவனப் பொறியாளர் பியேர் பெசியே 1960-களில் கார் உடலின் வளைவுகளை வரைய இதைப் பரப்பினார். அதற்கு முன்பே, 1959-இல், சிட்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டெல்ஜோ இதே வளைவுகளுக்கான முறையைக் கண்டிருந்தார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்திருந்ததால் பெயர் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய கணினித் தமிழ் எழுத்துருக்களின் உருக்கோடுகளும் இவ்வகை வளைவுகளால் ஆனவையே.

ஜிம்ப்பில் பாதைக் கருவியும், 2003-இல் தொடங்கப்பட்ட இங்க்ஸ்கேப் மென்பொருளில் பேனாக் கருவியும் இதற்கானவை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. அவை ஒரே நேர்கோட்டில் இருந்தால் வளைவு அங்கு வழுக்கிச் செல்லும், கோணத்தில் இருந்தால் முனை உருவாகும். புதிதாகப் பழகுபவர்கள் கணுக்களை நெருக்கமாக வைத்தால் வளைவு துல்லியமாகும் என்று நினைப்பதுண்டு. உண்மையில் கணு கூடக்கூட மேடுபள்ளம் கூடும். முழு வட்டத்திற்கு மேல், கீழ், இடம், வலம் என நான்கு கணுக்களே போதும். ஆரம் 100 என்றால் கைப்பிடி நீளம் 55.23. இவ்வாறு வரைந்த வளைவு உண்மையான வட்டத்திலிருந்து விலகுவது ஆரத்தில் 0.03 விழுக்காட்டிற்கும் குறைவு. ஒற்றைக்கொம்பின் சுருளிலும் மேல்விலங்கிலும் இதே முறையில், வளைவு திரும்பும் உச்சங்களில் மட்டும் கணு வைத்துக் கைப்பிடிகளைக் கிடையாகவோ நெடுக்காகவோ நிறுத்துவது நல்லது.

பழைய சின்னத்தின் சிறு படம் மட்டுமே இருந்தால் இங்க்ஸ்கேப்பின் ‘டிரேஸ் பிட்மேப்’ அதைக் கோடுகளாக மாற்றித் தரும். இதற்குள் இயங்குவது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் நிரல். ஆனால் அது தேவைக்கு மேல் கணுக்களை இடக்கூடும். முனைகளையும் மழுக்கும், ‘ட’ மூலை உருண்டுவிடும். சில எழுத்துகளே என்றால் படத்தை அடியில் வைத்து மேலே கையால் மறுபடி வரைவதே விரைவான வேலை.

நேர்கோட்டின் குறை

வளைவுக்கு நன்மை செய்யும் மென்மையாக்கம் நேர்கோட்டைச் சில வேளை கெடுத்துவிடும். 1 பிக்சல் தடிமனுள்ள கிடைக்கோட்டை 10 என்ற அளவில் வைத்தால், அது 9.5 முதல் 10.5 வரை பரவி இரண்டு வரிசைகளைப் பாதிப்பாதி மறைக்கும். விளைவு, கறுப்புக் கோட்டிற்குப் பதில் இரண்டு சாம்பல் வரிசைகள். ‘ப’, ‘ட’ எழுத்துகள் கலங்கித் தெரிவது இதனால்தான். ஒற்றைப்படைத் தடிமன் என்றால் கோட்டை 10.5-இலும், இரட்டைப்படை என்றால் 10-இலும் வைக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம், திரையில் 128 என்ற மதிப்பு பாதி வெளிச்சம் அல்ல. அது சுமார் 22 விழுக்காடு ஒளிதான். அதனால் வழக்கமான கலப்பில் வெள்ளை மேல் கறுப்பு எழுத்து சற்றுத் தடித்தும், கறுப்பு மேல் வெள்ளை எழுத்து மெலிந்தும் தெரியும். 2018-இல் வந்த ஜிம்ப் 2.10 முதல், உண்மையான ஒளியளவில் கலக்கும் வசதி உள்ளது.

அச்சுக்கு அனுப்புதல்

திரையில் நன்றாக இருந்த படம் பிளக்ஸ் பலகையில் கெடுவதற்கு அளவுதான் காரணம். 10 அடி அகலப் பலகைக்கு 800 பிக்சல் படத்தைக் கொடுத்தால், ஒரு பிக்சல் ஏறக்குறைய 3.8 மில்லிமீட்டர் சதுரமாக விரியும். ‘ம்’ மேல் உள்ள புள்ளி 6 பிக்சல் அகலம் என்றால், அச்சில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு கலங்கல் கட்டம். அங்குலத்திற்கு 72 பிக்சல் என்று கணக்கிட்டால்கூட 10க்கு 4 அடிப் பலகைக்கு 8640×3456 பிக்சல் தேவை. கோடுகளாக வரைந்த எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பைத் தந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், அச்சு இயந்திரம் தன் அளவிற்கு ஏற்பப் புள்ளியாக்கிக்கொள்ளும்.

தமிழுக்கு இங்கு ஒரு தனிக் கவனம் தேவை. யூனிகோடில் ‘பொ’ என்பது முதலில் ப, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. அச்சகக் கணினியில் அந்த எழுத்துருவோ கோக்கும் வசதியோ இல்லையென்றால், கொம்பு இடம் மாறும் அல்லது எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி வளையம் தோன்றும். எனவே அனுப்பும் முன் இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றிவிடுவது வழக்கம். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால், பிழை பார்த்து முடித்தபின் மாற்றி, மாற்றாத கோப்பையும் வேறு பெயரில் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.