அப்பா விட்டுப்போன வீட்டை விற்கும் முன்...

ஊரிலிருந்து செய்தி வருகிறது. கிடைத்த லீவைப் போட்டு, கிடைத்த ரயிலில் ஏறி ஓடுகிறோம். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாளே திண்ணையில் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.

"மருமகனே, நீங்க பம்பாயில இருக்கிய. தம்பி திருப்பூர்ல. வீட்டைப் பூட்டிப் போட்டா கறையான்தான் அரிக்கும். நல்ல பார்ட்டி கையில இருக்கு. லீவு முடியறதுக்குள்ள கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிருங்க."

மாமா கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த அவசரக் கையெழுத்துக்கு எவ்வளவு விலை என்பது, ஊர் திரும்பி ஒரு வருஷம் கழித்து வருமான வரி இலாகா நோட்டீஸ் அனுப்பும்போதுதான் தெரிகிறது. "அப்பன் சொத்துக்கு என்னய்யா வரி?" என்று கேட்டபடி நோட்டீஸும் கையுமாக அலையும் குமாஸ்தாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. இறந்தவர் சொத்துக்கு எஸ்டேட் வரி என்று 1953-ல் ஒரு சட்டம் வந்தது. 1985 மார்ச் மாதத்தோடு அது எடுக்கப்பட்டுவிட்டது. தகப்பனார் சொத்து பிள்ளைகளுக்கு வருவதற்கு இன்று வரி ஏதும் இல்லை. ஆனால் வந்த சொத்தை விற்றால், அந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு.

லாபம் என்பது எது?

குழப்பம் இங்கேதான். "எனக்குச் சும்மா வந்த சொத்து, விற்ற பணம் முழுவதும் லாபம்தானே" என்று சிலர் பயப்படுகிறார்கள். "அப்பா இறந்த அன்று என்ன விலையோ அதைக் கழித்தால் போதும்" என்று சிலர் தெம்பாக இருக்கிறார்கள். இரண்டும் தவறு. அப்பா என்ன விலைக்கு வாங்கினாரோ அதுதான் உங்களுக்கும் அடக்கவிலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். ஆகவே அவர் இறந்து ஆறே மாதத்தில் விற்றாலும் அது நீண்ட கால ஆதாயம்தான்.

அப்பா 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே வாங்கியிருந்தால், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வைத்துக்கொள்ளலாம். அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது. பலருக்குத் தெரியாத சலுகை இது.

ஓர் உதாரணம். பாளையங்கோட்டைப் பக்கம் 1978-ல் அப்பா 40,000 ரூபாய்க்கு வாங்கிய வீடு. 2001-ல் மதிப்பு 8 லட்சம். 2025-26-ல் 48 லட்சத்துக்கு விற்கிறார்கள். அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் என நாலு பங்கு. தலைக்கு 12 லட்சம்.

விவரம் தெரியாதவர் பத்திரத்தில் உள்ள பழைய விலையைப் போடுகிறார். அவர் பங்குக்கு அடக்கம் 10,000. மீதி 11,90,000-க்கு 12.5 சதவீதம் என்றால் வரி 1,48,750 ரூபாய். 2001 மதிப்பைப் போட்டால் அடக்கம் 2 லட்சம். வரி 1,25,000 ஆகக் குறையும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர்கள் பழைய முறைப்படி விலைவாசிக் குறியீட்டால் அடக்கத்தை உயர்த்தி, 20 சதவீதம் கணக்கிட்டுப் பார்க்கலாம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2001-ல் 100 ஆக இருந்த குறியீடு 2025-26-க்கு 376. இரண்டு லட்சம் 7,52,000 ஆகிறது. லாபம் 4,48,000. வரி 89,600. ஒரே வீடு, ஒரே பங்கு. வித்தியாசம் 59,150 ரூபாய்! (இவற்றுக்கு மேல் 4 சதவீத செஸ் உண்டு.)

அப்பா இறந்த வருஷத்திலிருந்துதான் குறியீடு போட முடியும் என்று அதிகாரிகள் ஒரு காலத்தில் வாதாடினார்கள். முந்தைய உரிமையாளரின் காலத்திலிருந்தே போடலாம் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது.

வேறு வருமானம் இல்லாத அம்மா விஷயத்தைக் கவனியுங்கள். புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரியில்லா வரம்பை அவர் இந்த லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். அவருக்கு மிஞ்சுவது 48,000-க்கு வரி. "எல்லாம் மூத்தவன் பேரிலேயே போகட்டும்" என்று அம்மாவும் தங்கையும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மூத்தவர் விற்றால் இந்த வசதி போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதினால் அதுவும் விற்பனைதான். எழுதியவருக்கு வரி உண்டு.

பங்குதாரர் யார், யார்?

இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால், அவருடைய சுயார்ஜிதம் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. கல்யாணமாகிப் போன பெண்ணும் இதில் சேர்த்திதான். இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டியை மறந்துவிட்டுப் பத்திரம் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கிறிஸ்தவ அன்பர்களுக்கு 1925-ம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம்.

அண்ணன் துபாயில் இருந்து, வரிக் கணக்கில் வெளிநாட்டு வாசி என்றால் அவருக்கு அந்த 20 சதவீதச் சலுகை கிடையாது. வாங்குகிறவர் அவர் பங்கில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

விற்பது வயலா? கிராமத்து விவசாய நிலத்துக்கு இந்த வரியே இல்லை. ஆனால் நகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். ஜனத்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோ மீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. அதற்குள் இருந்தால் வயலும் வரிக்கு உட்பட்டதே. பேரூராட்சிக்கும் இதே கணக்கு.

வீட்டை விற்ற ஆதாயத்தில் இரண்டு வருஷத்துக்குள் அம்பர்நாத்திலோ பத்லாபூரிலோ ஒரு பிளாட் வாங்கினால், அந்த அளவுக்கு வரி இல்லை. கட்டுவதானால் மூன்று வருஷம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணம் செலவாகவில்லையா? வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாக இருக்கிறது, அதில் போட்டுவிட வேண்டும். சேமிப்புக் கணக்கில் கிடந்தால் செல்லாது.

"பாதி வெள்ளை, பாதி ரொக்கம்" என்று பார்ட்டி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அவ்வளவும் அபராதமாகப் போகலாம். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டும் பயனில்லை. வழிகாட்டி மதிப்பு அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்புக்கே வரி.

இந்த லீவில் கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை, நாலு காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். பீரோவில் உள்ள தாய்ப் பத்திரத்தின் நகல், இறப்புச் சான்று, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்த ரசீது, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் வாங்கிய 2001-ம் ஆண்டு மதிப்புச் சான்று. பிறகு தம்பிக்குப் பவர் கொடுத்து விற்கச் சொன்னாலும், உங்கள் பங்குக்கான பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரவேண்டும் என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான், தம்பி அல்ல.