வாதியும் நீயே, பிரதிவாதியும் நீயே!

உங்கள் வீட்டில் வாயாடிப் பெண் யாராவது இருக்கிறாளா? எதைச் சொன்னாலும், “ஏன் கூடாது?” என்று கேட்டு, “இவள் வக்கீலாகத்தான் போகப் போகிறாள்!” என்று பாட்டியை அலுத்துக்கொள்ள வைப்பவள்? இருந்தால் கவலைப்படாதீர்கள். அவள் வாய்க்குத் தகுந்த பந்தயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது.

அதற்கு மாதிரி நீதிமன்றம் என்று பெயர். சட்டக் கல்லூரி மாணவர்கள் நிஜக் கோர்ட்டில் போலவே வழக்காடுவார்கள். வழக்கு கற்பனை, சட்டம் மட்டும் நிஜம். சர்வதேசச் சட்டத்துக்கான போட்டிகளில் மிகப் பிரசித்தமானது ஜெஸ்ஸப் போட்டி. 1960-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆரம்பமான இதில், இன்று சுமார் 100 நாடுகளின் மாணவ மாணவிகள் கலந்துகொள்கிறார்கள். பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி மாணவர்கள் 1999-லும் 2013-லும் உலக வெற்றியையே தட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

இங்கே வாதியும் பிரதிவாதியும் தனி மனிதர்களல்ல, இரண்டு தேசங்கள். ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அவை வழக்காடுவதாகப் பாவனை.

முத்து வளர்த்த வழக்கு

“தேசங்களின் வழக்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறீர்களா? தூத்துக்குடிக் கடற்கரைக்கு வாருங்கள். கடல் யாருக்குச் சொந்தம் என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட காலத்தில், வாட்டெல் என்ற ஸ்விஸ் சட்ட அறிஞர் 1758-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்காட்டிய உதாரணங்களில் ஒன்று இலங்கையின் முத்துச் சலாபம். முத்துக் குளிக்கும் கடல் ஒரு நாட்டின் சொத்தாகலாம் என்பது அவர் கட்சி. இலங்கைச் சலாபமும் தூத்துக்குடிச் சலாபமும் ஒரே மன்னார் வளைகுடாவின் இரு பக்கங்கள்தானே!

தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் முத்து ஓய்ந்தாலும் வழக்கு ஓயவில்லை.

35 பேர், 35 துப்பாக்கிகள்

2013 அக்டோபர் 12-ந் தேதி. தூத்துக்குடிக்கு அப்பால் நின்ற ‘ஸீமன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலை நமது கடலோரக் காவல் படை மடக்கித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பல் ஓர் அமெரிக்க நிறுவனத்துடையது. பறந்ததோ ஸியரா லியோன் கொடி. உள்ளே 35 பேர்: எஸ்தோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரேனியர் 3. கூடவே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள்! வர்த்தகக் கப்பல்களைக் கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து காக்கும் காவலர்கள் நாங்கள் என்றார்கள்.

இதையே ஒரு மாதிரி வழக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி எழுந்து சொல்லுவாள்: “கரையிலிருந்து 12 கடல் மைல் வரை இந்தியாவின் எல்லை. அதற்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு வந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவன் அரிவாளோடு நம் வாசலில் வந்து நின்றால், ‘வாருங்கள், காப்பி சாப்பிடுங்கள்’ என்போமா?”

எதிர்க்கட்சி மாணவி விடுவாளா? “1982-ஆம் வருஷத்துக் கடற்சட்ட ஒப்பந்தப்படி, தீங்கு செய்யாமல் கடந்துபோகும் கப்பலுக்கு வழி உண்டு. ஆபத்தென்றால் நிற்கவும் அனுமதி உண்டு. அப்போது வங்கக் கடலில் புயல். கப்பலில் எரிபொருள் தட்டுப்பாடு. மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவனைத் திருடன் என்று கட்டிப்போடலாமா?”

இரண்டும் நியாயமாகத்தானே தோன்றுகின்றன? நிஜக் கோர்ட்டுகளும் திணறித்தான் போயின. 2014-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆயுத வழக்கை ரத்துச் செய்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட், “விசாரணை நடக்கட்டும்” என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி செஷன்ஸ் கோர்ட் 35 பேருக்கும் ஐந்து வருஷக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. இதற்குள் சிறையிலும் ஜாமீனிலுமாக நான்கு வருஷங்கள் கழிந்துவிட்டன. அவர்களுக்கும் வீட்டில் மனைவி மக்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

அந்தப் பக்கமும் பேசு

ஜெஸ்ஸப் போட்டியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் இரண்டு கட்சிக்கும் வாதங்களை எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒரு சுற்றில் வாதிக்காகப் பேசிய குழு இன்னொரு சுற்றில் பிரதிவாதிக்காகப் பேச வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் முடியாது. பேச்சின் நடுவிலேயே நீதிபதிகள் குறுக்குக் கேள்வி போடுவார்கள். கோபிக்காமல், குரல் உயர்த்தாமல், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். வாயாடித்தனம் வாதத் திறமையாக மாறுவது அந்த இடத்தில்தான்.

நம் பெண்களுக்கு இதெல்லாம் எட்டாக்கனி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயத்துக்கு 2017-ல் நீதிபதியாகத் தேர்வானவர் நீரு சட்டா. அந்த ஸ்தானத்துக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண்மணி அவர்.

போட்டிக்குப் போகிறவர்கள் சிலர்தான். ஆனால் பயிற்சியை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம், செலவே இல்லை. அடுத்த முறை அக்காளும் தம்பியும் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டால், உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். “சரி, நீ அவன் கட்சியைப் பேசு, அவன் உன் கட்சியைப் பேசட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே வாபஸாகிவிடும்!