பாய்மரப் பொருத்துகள்

பாய்மரப் பொருத்துகள் என்பன சிறு பாய்ப்படகின் பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளையும், அவற்றைப் படகுடன் இணைக்கும் தகடுகள், ஊசிகள், முறுக்குத் திருகுகள் ஆகியவற்றையும் குறிக்கும். பெயரில் மரம் இருப்பினும் இன்றைய சிறு படகுகளில் அது பெரும்பாலும் அலுமினியக் குழாயே ஆகும். பக்கக் கம்பி ஒன்றின் ஊசி கழன்றாலும் பாய்மரம் முழுவதும் சாயக்கூடும்.

புதுச்சேரி உள்ளிட்ட சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களில் மரத்தாலான பாய்மரம் கயிற்றால் கட்டி நிறுத்தப்பட்டது. கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும். துருப்பிடிக்காத எஃகு அவ்வாறன்று.

தேய்வும் அரிமானமும்

துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம் ஆகும். இப்படலம் சிதைந்தால் மீண்டும் உருவாக ஆக்சிசன் வேண்டும். கம்பி பிடிகுழலுக்குள் நுழையும் இடத்தில் உப்புநீர் தேங்கி நிற்கும். அங்கே ஆக்சிசன் குறைவு. எனவே வெளியே பளபளக்கும் பொருத்து உள்ளே விரிசல் கண்டிருக்கலாம். மாலிப்டினம் கலந்த 316 வகை எஃகு, 304 வகையைவிட உப்பைத் தாங்கும். ஆனால் அதுவும் முற்றிலும் தப்புவதில்லை. அலுமினியத்துடன் எஃகு நேரடியாகத் தொடுமிடத்தில் அலுமினியமே அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். இடையில் நைலான் வளையம் இடுவது இதைத் தடுக்கும்.

சோதனையும் மாற்றுதலும்

கம்பியின் மேல் பஞ்சை ஓட்டினால் அறுந்த இழையில் அது சிக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அக்கம்பியை மாற்றுவதே முறை; எதிர்ப்பக்கத்துக் கம்பியும் அதே வயதினது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவர். எனினும் ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்றலாகாது. முதலில் பாய் ஏற்றும் கயிற்றை அந்தப் பக்கத்தில் இழுத்துக் கட்டி, முறுக்குத் திருகின் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, பின்னரே ஒன்றைக் கழற்ற வேண்டும். புதிய ஊசி துளைக்குச் சரியான விட்டத்தில் இருத்தல் வேண்டும். மெல்லிய ஊசி ஆடி ஆடித் துளையை நீள்வட்டமாக்கும். கவட்டு ஊசியின் கால்களை விரித்துவிட மறப்பது வியப்பூட்டும் அளவுக்குப் பொதுவான பிழை. கடலில் விரிசல் தெரிந்தால், காற்று மறுபக்கத்திலிருந்து படுமாறு படகைத் திருப்பினால் அக்கம்பியின் சுமை குறையும்.

நெடும்பயணங்கள்

2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் போட்டியின்போது தென் இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் 'துரியா' பாய்மரம் இழந்தது. காரணம் புயல், தேய்வு அன்று. முதுகெலும்பில் காயமுற்ற அவரை மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பலான 'ஒசிரிஸ்' மீட்டது. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தில்னாவுடன் 'தாரிணி' பாய்க்கப்பலில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். வழியில் நான்கு துறைமுகங்களில் மட்டுமே பராமரிப்புக்கு இடமிருந்தது.