கொங்கு இளைஞர்கள் எந்த எதிர்காலத்தை எழுத வேண்டும்?

அப்துல் கலாமும் ஒய்.எஸ்.ராஜனும் எழுதிய ‘இந்தியா 2020’ 1998-இல் வெளிவந்தது. அதன்பிறகு பல ஆண்டுகளுக்குப் பள்ளிக் கட்டுரைப் போட்டி என்றாலே ‘2020-இல் வல்லரசு இந்தியா’தான் ஆகிவந்த தலைப்பு. கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் படித்த ஒரு தலைமுறை, முன்னுரை முடிவுரையோடு அந்தக் கனவை எழுதிப் பரிசு வாங்கியது. 2020 வந்தது, மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கும் வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடிக்கிடந்தன. பிகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்ப வேண்டிய தொழிலாளர்கள் சிறப்பு ரயிலுக்காகக் காத்துக்கிடந்தார்கள். கொள்ளைநோயை ஊகிக்கவில்லை என்று எந்த மாணவரையும் குறைசொல்ல முடியாது. ஆனால், செயற்கைக்கோளுக்கும் அணுசக்திக்கும் அதிவேக ரயிலுக்கும் இடம் வைத்திருந்த அந்தக் கட்டுரை அச்சில், பனியன் தைக்கும் தொழிலாளிக்கு இடம் வைக்கப்படவில்லை. இப்போது தலைப்பில் ஆண்டு 2047 என்று மாறியிருக்கிறது. அச்சு அப்படியே இருக்கிறது.

எதிர்காலத்தைக் கற்பனை செய்து எழுதுவது இளைஞர்களுக்கு அவசியமான வேலை. அதை ஜோசியமாக நினைப்பதால்தான் சிக்கல் தொடங்குகிறது. நாளை என்ன கருவி வரும் என்று சரியாகச் சொல்வதற்குப் பெரிய மதிப்பில்லை. அந்தக் கருவி வந்தால் லாபம் யாருக்கு, அதற்கான விலையைக் கொடுக்கப்போவது யார், முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பது யார் என்று கேட்பதுதான் எழுத்தாளரின் பங்கு. இப்படிக் கேட்ட எழுத்துதான் காலத்தைக் கடந்து நிற்கிறது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

கருவி பழசாகும், கேள்வி பழசாகாது

வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன், ‘சுல்தானாவின் கனவு’ கதையை எழுதியபோது அவருக்கு வயது சுமார் 25. 1905-இல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழ். கதையில் பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்துகிறார்கள், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள், வானூர்தியில் போகிறார்கள். சூரிய மின்சாரம் இன்று நம் வீட்டுக் கூரைக்கே வந்துவிட்டது. ஆகவே அதற்காக யாரும் இப்போது அந்தக் கதையைத் தேடிப் படிப்பதில்லை. பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது இயற்கையின் நியதி என்றால், அதே நியதியைத் திருப்பிப் போட்டால் ஏன் விசித்திரமாகத் தெரிகிறது என்ற அவருடைய கேள்விக்காகவே படிக்கிறோம்.

கொங்கு மண்ணிலும் இதற்கு நிகரான சான்று உண்டு. ஈரோட்டுக்காரரான பெரியார் 1940-களில் ‘இனி வரும் உலகம்’ கட்டுரையை வழங்கினார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். ஆனால் அவர் பேச்சைக் கேட்கக் கூடிய கூட்டத்தில் இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். ஆளுக்கொரு கம்பியில்லாச் சாதனம் இருக்கும், முகம் பார்த்துப் பேசுவார்கள், ஓரிடத்தில் இருந்தபடியே பல இடங்களில் உள்ளவர்களுக்குப் பாடம் நடத்தலாம், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்கும் என்றெல்லாம் அதில் சொன்னார். இந்தியாவில் தொலைக்காட்சியே 1959-இல்தான் வந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978-இல் பிறந்தது. இவை பலித்ததைச் சொல்லி வியப்பது நம் வழக்கம். பலிக்காத பகுதியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். எந்திரம் பெருகினால் மனிதர் உழைக்க வேண்டிய நேரம் மிகவும் குறைந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். எந்திரம் பெருகியது. திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்டு’ என்றால் பன்னிரண்டு மணி நேர வேலை என்று இன்றும் எல்லோருக்கும் தெரியும். எந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யார் கைக்குப் போனது? இந்தக் கேள்வியோடு உட்காரும் இளம் எழுத்தாளருக்கு ஒரு நாவலுக்கான பொருள் அங்கேயே கிடைத்துவிடும்.

கோவையில் 1971

இளம் எழுத்தாளர்கள் கூடி வரப்போகும் உலகத்தைப் பாடிய பெரிய முயற்சி கோவையிலேயே நடந்திருக்கிறது. 1971-இல் ‘வானம்பாடி’ இதழ் இங்கிருந்து தொடங்கியது. புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன் முதலியோர் அதில் சேர்ந்தார்கள். பலர் தமிழாசிரியர்களாகவும் கல்லூரி விரிவுரையாளர்களாகவும் இருந்தவர்கள். ஏற்றத்தாழ்வற்ற சமுதாயம் வரும் என்ற நம்பிக்கையை, சிற்றிதழ் வட்டத்துக்குள் இருந்த புதுக்கவிதையின் வழியே பரவலான வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார்கள். 1973-இல் ‘வெளிச்சங்கள்’ தொகுப்பு வந்தது. சில ஆண்டுகளிலேயே கருத்து வேறுபாட்டால் பிரியவும் செய்தார்கள். உரத்த குரல், முழக்கம், மிகைக் கற்பனை என்று விமர்சகர்கள் அவர்களைக் கடுமையாகச் சாடினார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. விடியல் வரும் என்று பாடியவர்களில் பலர், அது பொள்ளாச்சித் தோட்டத்துக்கு எப்படி வரும், சோமனூர் விசைத்தறிக் குடிசைக்கு எப்படி வரும் என்று எழுதவில்லை. என்றாலும் ஒன்றை அவர்கள் நிலைநாட்டினார்கள்: நாளையைப் பற்றிப் பேசும் உரிமை அரசுத் திட்ட அறிக்கைக்கு மட்டும் உரியதல்ல, கவிஞருக்கும் உண்டு. இன்றைய இளைஞர்கள் அந்தத் துணிவை எடுத்துக்கொண்டு, அவர்கள் விட்டுவைத்த விவரத்தைச் சேர்க்க வேண்டும்.

மோட்டார் வந்தது, தண்ணீர் போனது

விவரம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தண்ணீரின் கதை காட்டுகிறது. கொங்கு நாடு கருவிகளைக் கற்பனை செய்வதில் எப்போதும் முன்னால் நின்ற பகுதி. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே தயாரித்தார்கள். பம்புசெட் வந்தது; கமலை ஓய்ந்தது; மானாவாரிக் காடு தோட்டமானது. அடுத்த கட்டம் அந்தக் கனவில் இருக்கவில்லை. கிணறுகள் ஆழமாகி, வற்றி, அன்னூர், அவிநாசிப் பக்கம் போர் ஆயிரம் அடியைத் தாண்டிப் போனது. பவானியின் உபரி நீரைக் கேட்டு மூன்று மாவட்ட மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கியது. முதல் விளைவைப் பொறியாளர் கணக்கிட்டுவிடுவார். இரண்டாவது, மூன்றாவது விளைவுகளை மனிதர்களின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பது எழுத்தாளரின் வேலை.

அந்த வேலையைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். திருப்பூரில் வாழ்ந்து எழுதும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1998-இல் வந்தது. ஏற்றுமதி டாலரைப் பற்றி ஊரே பெருமை பேசிய காலத்தில், அவர் சாயக்கழிவையும் அதனூடே வாழ்ந்தவர்களையும் எழுதினார். பாசனத்துக்காக 1992-இல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவுதான் தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாவலாசிரியர் எதிர்காலத்தை ஊகிக்க முயலவில்லை; கண்முன் இருந்ததை மறைக்காமல் எழுதினார். நிகழ்காலத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தாலே வரப்போவதும் தெரிந்துவிடுகிறது.

மூன்று மறுப்புகள்

கற்பனை பொய்த்துப்போகுமே என்பது முதல் மறுப்பு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-இல். அதிலுள்ள சர்வாதிகாரமோ ஜீனோ என்ற பேசும் இயந்திர நாயோ அந்த ஆண்டில் வந்துவிடவில்லை. ஆனால், திரையில் தெரியும் தலைவர் உண்மையான ஆள்தானா என்று அந்தக் கதை எழுப்பும் ஐயம், போலிக் காணொளிகள் பெருகிய இன்று முன்பைவிடக் கூர்மையாக நிற்கிறது. தேதி பொய்த்தாலும் கேள்வி வேலை செய்கிறது.

இளைஞர்களுக்கு வாழ்க்கை அனுபவம் போதாது என்பது இரண்டாவது மறுப்பு. ஆர்.சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை 1942-இல் வெளியிட்டபோதும், பெருமாள்முருகன் ‘ஏறுவெயில்’ நாவலை 1991-இல் வெளியிட்டபோதும் இருவரும் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள். முன்னது நிலத்தில் பங்கு கேட்ட ஒரு கைம்பெண்ணின் கதை. பின்னது குடியிருப்புக் காலனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சிதறும் குடும்பத்தின் கதை. பெண்ணின் சொத்துரிமையும், வயலைத் தின்னும் மனையும் பின்னாளில் கொங்கு முழுவதற்குமான பிரச்சினைகளாயின. வயது குறைவாக இருந்தது, பார்வையில் குறை இல்லை.

கைபேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் 2047 கட்டுரையை எழுதித் தந்துவிடுமே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். ஏற்கெனவே பல்லாயிரம் பேர் எழுதிய அச்சை அது அழகாகத் திருப்பித் தரும். அந்த அச்சை நம்பி நடத்தப்படும் போட்டிகளுக்கு இனி பொருளில்லை. தன் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வந்ததா, வரவில்லை என்றால் யார் தடுத்தார்கள் என்று விசாரித்து எழுதும் பிள்ளைக்கு அதனால் எந்தப் போட்டியும் இல்லை.

தலைப்பை மாற்றுங்கள்

அப்படி எழுத இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. அத்திக்கடவுத் திட்டம் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு, ஆண்டுக்கு 70 நாட்களில் 1.5 டிஎம்சி உபரி நீரைக் கொண்டுபோகத் திட்டமிடப்பட்டது. பவானியில் உபரியே இல்லாத ஓர் ஆண்டில் எந்தக் குளம் முதலில், எந்தக் குளம் கடைசியில் என்று முடிவு செய்வது யார்? ஒரே பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெற்றோரை 2045-இல் பார்த்துக்கொள்வது யார்? திருப்பூர் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் படிக்கும் ஒடிசாக் குடும்பத்துப் பெண் நாளை தமிழில் நாவல் எழுதினால், அதில் நாம் எப்படித் தெரிவோம்? ஒவ்வொன்றும் ஒரு சிறுகதைக்குப் போதும்.

எனவே பள்ளி, கல்லூரித் தமிழ் மன்றங்களுக்கும், போட்டி நடத்தும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘2047-இல் இந்தியா’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு, ‘2047-இல் எங்கள் ஊர்க் குளம்’, ‘2047-இல் ஒன்றரை ஷிப்டு’ என்று கொடுத்துப் பாருங்கள். எழுத உட்காரும் முன் ஊருக்குள் நான்கு பேரிடமாவது கேட்டு வர வேண்டும் என்று விதி வையுங்கள். பரிசை அழகான முடிவுரைக்குக் கொடுக்காதீர்கள். விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்றைத் துணிந்து கேட்ட பிள்ளைக்குக் கொடுங்கள்.