படையென்று விட்டுவிடலாமா?

மாயூரம் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் இறங்குகிறவர்களுக்குத் தோலில் படை வருவது புதுமையன்று. வந்தால், மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். பெரும்பாலும் தீர்ந்தும் போகிறது. தீராத சிலவற்றைப் பற்றியே இங்கே சொல்ல வந்தோம்.

1806-ல் பாரிஸில் அலிபேர் என்னும் வைத்தியர், ஒரு நோயாளியின் உடம்பில் காளான்போல் எழும்பிய கட்டிகளைக் கண்டு எழுதிவைத்தார். அதனால் அவ்வியாதிக்கு 'மைக்கோஸிஸ் பங்காய்டிஸ்' என்ற பெயர் நிலைத்தது. பெயரிலே காளான் உண்டேயொழிய வியாதியிலே இல்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகுப்பு தோலிலே தங்கிப் பெருகும் புற்றுநோய் அது. லிம்போமா என்னும் இனத்தைச் சேர்ந்தது.

கட்டி எழும்புவது பிற்காலத்தில்தான். அதற்கு முன் அநேக வருஷங்கள் அது வெறும் தேமலாகவோ செதிலுதிரும் படையாகவோ இருக்கும். இடுப்பு, பிட்டம், தொடை, மார்பு முதலிய வெயில் படாத இடங்களே அதற்கு உகந்தவை. வெள்ளையர் தோலில் சிவந்து காண்பது, நம்மவரில் பலருக்கு, விசேஷமாகச் சிறுவர்களுக்கு, வெளுத்த தேமலாகத் தோன்றும். குஷ்டமோ என்று வீட்டார் நடுங்குவார்கள். குஷ்டத் தேமலில் பொதுவாக உணர்ச்சி குன்றும், இதில் குன்றுவதில்லை. களிம்பு தடவினால் அடங்கினாற்போல் இருந்து, நிறுத்தியதும் திரும்பும்.

அந்தக் களிம்பிலேதான் அபாயமும் இருக்கிறது. கடுமையான ஸ்டிராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-ல் இந்திய சர்க்கார் விதி செய்தனர். கடைவீதியில் அவ்விதிக்குள்ள மதிப்பை நேயர்களே அறிவார்கள். இக்களிம்பு தடவிய தோலைப் பரீட்சித்தால் வியாதியின் அடையாளம் மறைந்துபோகக்கூடும். ஆகையால் வைத்தியர்கள் சில வாரம் அதை நிறுத்தச் சொல்லி, பிறகே சிறு துண்டு தோலை எடுத்துப் பூதக்கண்ணாடியில் ஆராய்கிறார்கள். முதல் தடவை தெரியாவிட்டால் மறுபடியும் எடுக்கவேண்டும். நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லாமலே சீட்டு எழுதும் வைத்தியருக்கு இவ்வியாதி எப்படிப் புலப்படும்?

படையே இல்லாத அரிப்பும் உண்டு. பல வாரங்கள் உடம்பெல்லாம் அரித்து, இரவில் துணி நனைய வேர்த்து, காரணமின்றி ஜுரமும் மெலிவும் கண்டு, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத நெறி கட்டினால், 'ஹாட்ஜ்கின்' என்னும் வேறொரு லிம்போமாவா என்று பார்ப்பது வைத்தியர் கடமை.

தோல் வியாதியாக வருவதைத் தேமல் நிலையிலேயே, உடம்பில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கையில் கண்டுகொண்டால், நோயாளிகள் பெரும்பாலும் மற்றவரைப் போலவே ஆயுளோடு வாழ்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. தஞ்சை மருத்துவக் கல்லூரியோ நமக்கு இன்னும் சமீபம். ஆறு மாதமாகத் தீராத படையுள்ளவர்கள், அடுத்த களிம்பு வாங்குமுன் அங்கே ஒரு முறை போய்க் காட்டட்டும்.