கொழும்பின் அன்றாடப் புகையிரதம்: பயனும் விலையும்

மாநகரம் வளருந்தோறும், அதிற் பணிபுரிவோர் அதன் நடுவிடத்தினின்று விலகி வாழ நேர்கின்றது. பிரிந்து கிடக்கும் வீட்டையும் தொழிலையும் நாள்தோறும் இணைப்பது போக்குவரத்தே. கொழும்பில் அப்பணியை ஆற்றும் புகையிரதப் பாதைகள் நான்கு: பிரதான பாதை, கரையோரப் பாதை, புத்தளப் பாதை, களனிவெளிப் பாதை. இவற்றை விரிவாக்குதலின் நன்மையை அளக்குமிடத்து, பாதையின் நீளத்தை மட்டும் நோக்குதல் போதாது. அஃது எத்துணைப் பேரின் வாயிலை அணுகுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

கரையோரப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியே கடலை அணைந்து செல்கின்றது. அதன் நிலையங்களுக்கு ஒருபுறம் மக்கள், மறுபுறம் அலைகள். களனிவெளிப் பாதையோ நுகேகொடை, மகரகம, ஹோமாகம ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்வது. இருபுறத்தாரும் நடந்தே நிலையத்தை அடையலாம். ஆதலின், அங்கே மிகுதியாக ஓடும் ஒவ்வொரு வண்டியும் ஹைலெவல் வீதியின் நெருக்கத்தைத் தணிக்கவல்லது.

ஆயினும், இப்பாதை நகரத்தாருக்கென எழுந்ததன்று. தோட்ட விளைபொருள்களை ஏற்றுதற்கெனக் குறுகிய தண்டவாளத்துடன் அமைந்து, 1902ஆம் ஆண்டில் அவிசாவளையை எட்டியது. 1990களில் அகலப் பாதையாயிற்று. பழைய வளைவுகள் எஞ்சின. தண்டவாளமும் பெரும்பாலும் ஒற்றையே. ஒற்றைப் பாதையில் எதிர்வரும் வண்டிக்காக மற்றொன்று நிலையத்திற் காத்துநிற்றல் வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும். இரண்டாவது தண்டவாளம் இத்தடையை நீக்கும். மாலபேயையும் கோட்டையையும் இணைக்க ஜப்பானியக் கடனுதவியுடன் வகுத்த இலகு புகையிரதத் திட்டம் 2020ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டமையால், உள்ள பாதைகளைத் திருத்துதலின் அவசியம் இன்னும் மிகுந்தது.

இனி, இதன் விலையையும் எண்ணுதல் வேண்டும். வண்டிகள் பெருகப் பெருக, கடவைப் படலைகள் மூடிக்கிடக்கும் நேரமும் பெருகும். மேம்பாலங்கள் இன்றேல் நெருக்கம் வீதியிலேயே தங்கும். இதனினும் பெரிது, பாதையோரத்து வறியோரின் குடியிருப்பு. தொழிலுக்கு அண்மையில் வாழ்ந்தாரைத் தொலைவுக்கு அகற்றி, தொலைவில் வாழ்வாரை அண்மைக்குக் கொணர்தல் முழு நன்மையாகாது. அவர்க்கு அருகிலேயே மாற்று வீடு அளித்தல் திட்டத்தின் ஓர் உறுப்பாதல் வேண்டும். அச்செலவும் சேர்ந்ததே பாதையின் உண்மையான விலை.

இக்கணக்குக் கீழைக்கரைக்கும் உரியது. தென்கிழக்கே செல்லும் புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. கல்முனையும் வரிப்பத்தான்சேனையும் வீதியையே நம்பியுள்ளன. என்றேனும் அப்பாதை தெற்கே நீளவேண்டுமாயின், குடிகள் நெருங்குமுன்னரே அதற்குரிய நிலத்தை ஒதுக்கிவைத்தல் அறிவுடைமை. கொழும்பில் இன்று வீடுகளைப் பெயர்த்துப் பெறவேண்டிய இடத்தை, இங்கே எவரையும் பெயர்க்காது பெறுதல் கூடும்.